அருந்ததி பார்த்தாச்சா

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஓர் ஆணிதான் இருக்கிறது. ஹாம்பர்க்கில் வாடகை வீடு. சுவர் முழுக்க கான்கிரீட்; சுத்தியலால் தட்டினால் ஆணிதான் வளையும். துளையிடும் இயந்திரத்தை இரவல் வாங்கித் துளைத்தாலும், காலி செய்யும் நாளில் அதை அடைத்துப் பூசி வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் எங்களுக்கு முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஆணியோடு நிறுத்திக்கொண்டோம். அதில் தொங்குவது நான் எடுத்த படம். 2024 மார்ச்சில், நார்வேயும் பின்லாந்தும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எடுத்தது. பனி மூடிய ஏரி, கரையில் இலையில்லாத பிர்ச் மரங்கள், மேலே வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வாழைக்குருத்துப் பச்சையில் ஒரு வளைவு. துருவ ஒளி என்பது இதுதான். வளைவுக்கு மேல்புறம் குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்ததுபோல லேசான சிவப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "நீங்களே எடுத்ததா?" என்பார்கள். ஆமாம் என்பேன். எடுத்தது நான்தான், அதில் பொய்யில்லை.

சிக்கல் அம்மாவின் கேள்வியில் வந்தது. ஹாம்பர்க் திரும்பிய வாரமே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். திருச்சியிலிருந்து அம்மா கூப்பிட்டார். முதலில் குளிர் எவ்வளவு, சாப்பிட என்ன கிடைத்தது என்று விசாரித்துவிட்டு, "ஏண்டா தம்பி, இப்படியேவா பச்சையா தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "ஆமாம்மா" என்றேன். போனை வைத்த பிறகு அந்த ஒரு சொல் செருப்புக்குள் மாட்டிய மணல்போல உறுத்த ஆரம்பித்தது. அம்மாவிடம் இதைவிடப் பெரிய பொய்களெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவை எதுவும் இப்படி உறுத்தவில்லை.

வெள்ளை மேகம்

மார்ச் 7 முதல் 11 வரை பயணம். நார்வேயின் ட்ரோம்சோ நகரம் வடதுருவ வட்டத்துக்கும் மேலே, கிட்டத்தட்ட 70 பாகை வடக்கில் இருக்கிறது. துருவ ஒளி அதிகமாக விழும் வளையத்துக்கு நேர் கீழே என்பதால் பெரிய சூரியப் புயல் எதுவும் தேவையில்லை. சாதாரண நாளிலேயே தெரியும். தேவை இரண்டே: இருட்டு, மேகமில்லாத வானம். இருட்டுக்காக அமாவாசையை ஒட்டித் தேதி பார்த்தோம். மேகத்துக்குத்தான் பஞ்சாங்கம் கிடையாது. மார்ச் 8 அன்று சிவராத்திரி. ஊரில் இருந்திருந்தால் நான்கு காலமும் கோயிலில் உட்கார்ந்திருப்போம். இங்கே விடுதி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு இரவு இரண்டு மணி வரை சாம்பல் மேகத்தைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தோம். புண்ணியக் கணக்கில் இது சேருமா என்று தெரியவில்லை.

ஞாயிறு இரவு, கடைசி வாய்ப்பு. வேன் ஓட்டிய நார்வேக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். போனில் மேகப் படத்தைப் பார்த்துவிட்டு, கடற்கரைப் பக்கம் தேறாது, உள்ளே போகலாம் என்றார். கடல் மேகமெல்லாம் மலைகளில் முட்டி மேற்கிலேயே கொட்டிவிடும். ஷிபோட்ன் என்ற ஊரைத் தாண்டி உள்ளே போனால் வானம் வெளுக்கும் என்பது அவர் கணக்கு. இரண்டரை மணி நேரம் ஓட்டிப் பின்லாந்து எல்லையைக் கடந்து கில்பிஸ்யார்வி ஏரிக்கரையில் நிறுத்தினார். கணக்கு தப்பவில்லை. கதவைத் திறந்ததும் முதலில் தாக்கியது குளிரல்ல, நட்சத்திரங்கள். சானா மலையின் வெள்ளை முதுகு நட்சத்திர வெளிச்சத்திலேயே தெரிந்தது. துருவ நட்சத்திரத்தைத் தேடி வழக்கம்போல அடிவானத்துப் பக்கம் பார்த்தேன். திருச்சியில் அது தரையிலிருந்து பதினோரு பாகை உயரம்கூட இருக்காது. தென்னை மரத்துக்கும் புழுதிக்கும் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். இங்கே கழுத்தை முழுக்க மடக்கினால்தான் கண்ணில் பட்டது.

வடக்கே ஒரு வெண்ணிறப் பட்டை கிடந்தது. சமையலறைப் புகை ஜன்னல் வழியாக வெளியேறித் தேங்கினதுபோல. மேகம் வந்துவிட்டதே என்று பதறி வேன் அம்மாவிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு படம் எடுத்துப் பாரேன் என்றார். போனை வைத்து மூன்று வினாடி அசையாமல் பிடித்தேன். திரையில் பச்சை. பளீரென்று, போக்குவரத்துச் சிக்னல் விளக்குபோலப் பச்சை. தலையைத் தூக்கினேன், சாம்பல் புகை. குனிந்தேன், பச்சை. இப்படி நாலைந்து முறை தலையாட்டிய பிறகு சுற்றும் பார்த்தேன். வேனில் வந்த பதினோரு பேரும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். வானத்தைப் பார்க்க அத்தனை தூரம் பறந்து வந்து, எல்லோரும் தலையைக் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இது ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பள்ளியில் படித்த பாடம்தான்: விழித்திரையில் கூம்பு செல்கள் நிறம் பார்க்கும், ஆனால் அவற்றுக்கு வெளிச்சம் போதுமான அளவு வேண்டும். குச்சி செல்கள் மங்கலிலும் வேலை செய்யும், ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. மங்கலான துருவ ஒளி குச்சி செல்களை மட்டும் எழுப்பும். அதனால் அது சாம்பல். இன்னொன்று, கண் பழைய வெளிச்சத்தைச் சேர்த்துவைக்காது, வந்ததை உடனே செலவழித்துவிடும். கேமரா அப்படியில்லை, உண்டியல். பதினைந்து வினாடி திறந்துவைத்தால் பதினைந்து வினாடிக்கான ஒளியையும் போட்டுவைத்துக்கொண்டு ஒரே தட்டில் கொட்டும். பச்சை என்பது கேமரா இட்டுக்கட்டிய நிறமும் அல்ல. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணு உதறும் 557.7 நானோமீட்டர் ஒளி அது. அங்கே உண்மையாகவே பச்சைதான் இருக்கிறது. என் கண்ணுக்குத்தான் எட்டவில்லை. சிவப்பு இன்னும் மோசம். அதுவும் ஆக்சிஜன்தான், 630 நானோமீட்டர். ஆனால் அந்த நிலையிலிருக்கும் அணு ஒளியை வெளியிட ஏறக்குறைய இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். கீழே காற்று அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அதற்குள் யாராவது வந்து இடித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். அதனால் 200 கிலோமீட்டருக்கு மேலே, கூட்டமில்லாத இடத்தில்தான் சிவப்பு பிறக்கும். அந்த அலைநீளத்தில் குச்சி செல்கள் ஏறக்குறையக் குருடு. கூடத்துப் படத்தில் எல்லோரும் முதலில் விரல் வைத்துக் காட்டும் அந்தக் குங்குமச் சிவப்பில் நான் ஒரு துளிகூடப் பார்க்கவில்லை.

சரி, அப்படியானால் படம் உண்மை, கண்தான் பொய் என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே? இருந்தேன், கொஞ்ச நாள். அறிவியல் என் பக்கம் இருந்தது. ஆனால் அம்மா கேட்டது அங்கே என்ன இருந்தது என்று இல்லையே. உனக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் கேட்டார்.

சுட்டிய விரல்

வேலை ஆரம்பித்தது. இரவு வானம் எடுப்பது பாதி சமையல், பாதி மருத்துவமனை. லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும். அதை நம்பினால் நட்சத்திரமெல்லாம் இட்லியாகிவிடும். பிரகாசமான ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் கையாலேயே திருகி, அது ஊசிமுனையாகும் இடத்தில் வளையத்தை டேப் போட்டு ஒட்ட வேண்டும். அன்று மேற்கே வியாழன் இருந்தது, உபகாரம். 500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் எத்தனை வினாடி வரை நட்சத்திரம் இழுபடாது என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். என் 20 மில்லிமீட்டருக்கு 25 வினாடி. லென்ஸின் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200, நேரம் 15 வினாடி என்று வைத்தேன். பேட்டரிகளைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வைத்தால் குளிரில் கால் மணியில் செத்துவிடும். முக்காலியை வெறுங்கையால் தொடக்கூடாது. லென்ஸைப் பார்த்து மூச்சு விடக்கூடாது, அப்படியே உறைந்துவிடும். வேனுக்குள் ஏறும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும். வேன் அம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார்: அது சும்மா கிடக்கும்போது பதினைந்து வினாடி சரி, ஆட ஆரம்பித்தால் உடனே இரண்டு வினாடிக்கு இறங்கிவிடு. தலையாட்டினேன்.

முதல் முக்கால் மணி நேரம் அந்தப் பட்டை சும்மாதான் கிடந்தது. கூடத்துப் படம் அப்போது எடுத்ததுதான். நேர்மையாகச் சொன்னால் அந்த இரவிலேயே அலுப்பூட்டிய நேரம் அது. ஒன்றும் அசையவில்லை. கால்விரல் மரத்துப்போனது. யாரோ பிளாஸ்கில் வைத்திருந்த காபிக்காக வேன் பக்கம் கூட்டம் கூடியிருந்தது. அசையாமல் கிடந்ததால்தான் படம் அவ்வளவு துல்லியமாக விழுந்தது.

என் மனைவியின் போன் வந்த பத்தாவது நிமிடத்திலேயே குளிரில் அணைந்துவிட்டது. இரண்டு முறை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கோட்டுப் பைக்குள் போட்டாள். அப்புறம் வேனில் கொடுத்த ரெயின்டீர் தோலை ஏரிப் பனிமேல் விரித்து மல்லாந்து படுத்துவிட்டாள். நான் திருகிக்கொண்டும் பார்த்துக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, அதானே சப்தரிஷி?" கிழக்கே உயரத்தில் கரண்டி நின்றுகொண்டிருந்தது. ஊரில் பங்குனி சித்திரையில் வடக்குத் தெருவின் மொட்டை மாடிகளுக்கு மேலே சாய்ந்து கிடக்கும் அதே கரண்டி. "அதுல கைப்பிடி நடுவுல ரெண்டா இருக்கே. சின்னது அருந்ததியா?"

எங்கள் கல்யாணம் திருச்சியில், காலை ஒன்பது முதல் பத்தரை முகூர்த்தம். அம்மி மிதித்த பிறகு வாத்தியார் எங்களை மண்டப வாசலுக்கு அழைத்துப்போனார். வெளியே கண்ணைக் கூசும் வெயில். டிரான்ஸ்பார்மருக்கும் எதிரே இருந்த ஜவுளிக்கடைப் பலகைக்கும் நடுவில் தெரிந்த வெளிறிய வானத்தைக் காட்டி, "அருந்ததி பாருங்கோ. தெரியறதா?" என்றார். "தெரியுது" என்றேன். அவளும் தெரிகிறது என்றாள். பின்னால் நின்ற உறவெல்லாம் நகர்ந்துவிட்டது. வீடியோக்காரர் மட்டும், "சார், கையைத் தூக்கிக் காட்டுற மாதிரி இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை காட்டினேன். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. விரல் நீட்டி நான், விரல் போன திசையில் மாலையோடு அவள், இரண்டு பேர் முகத்திலும் எதையோ பார்த்துவிட்ட பரவசம். பார்த்தது டிரான்ஸ்பார்மர்.

அந்த ஏரிமேல் அவள் கேட்டபோது நானும் நிமிர்ந்து பார்த்தேன். வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போலச் சின்னதாக ஒரு புள்ளி, தெளிவாக. பன்னிரண்டு வருடம் தாமதம். "ஆமா, அதான்" என்றேன். அதை அப்படியே அனுபவித்திருக்கலாம். எனக்கோ உடனே படம் எடுக்கத் தோன்றியது. வடக்கே பார்த்திருந்த கேமராவைக் கிழக்கே சப்தரிஷியின் பக்கம் திருப்பினேன். பேட்டரி தீர்ந்திருந்தது. கையுறையைக் கழற்றி, சட்டைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்து, விரைத்த விரலால் மாற்றி, நெற்றி விளக்கைப் போட்டு, ஃபோகஸ் நகர்ந்துவிட்டதா என்று பழைய படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை நிமிடம்

"ஏங்க, மேல பாருங்க."

"ஒரு நிமிஷம்."

இதுதான் நடந்த உரையாடல். இதை நான் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் குரலில் அவசரம் இருந்தது. வேன் பக்கமிருந்து ஒரு கூச்சல், பிறகு பலர் சேர்ந்து கூச்சல். பனிமேல் என் நிழல் விழுந்ததைக்கூடப் பார்த்தேன்; அமாவாசை இரவில் நிழல் எப்படி விழும் என்று யோசிக்கவில்லை. கூச்சல் கேட்டதும் என் புத்தி சொன்னது, சீக்கிரம் எடு என்றுதான். ரிமோட்டை அழுத்தினேன். பதினைந்து வினாடி. அதற்குள் நிமிர்ந்தேன். ஆனால் திரையின் வெள்ளை வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அது மிதக்கும் இடத்திலெல்லாம் வானம் ஓட்டையாகத் தெரிந்தது. ஏதோ பெரிதாக ஓடியது. ஷட்டர் மூடிய சத்தம் கேட்டதும் குனிந்துவிட்டேன். திரை முழுக்க பச்சைக் கஞ்சி. அளவுக்கு மீறி ஒளி விழுந்துவிட்டது. வேன் அம்மா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வினாடியைக் குறைக்கும் சக்கரத்தைத் தேடினேன், கையுறை மாட்டிய விரல் ஐஎஸ்ஓவைத் திருப்பிவிட்டது, சரிசெய்தேன், இன்னொன்று எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதில் மறுபடி பட்டை மட்டும்தான் இருந்தது. மூன்று கோப்புகளின் நேரத்தையும் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒன்றரை நிமிடம்.

இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பழகிய கண்ணைக் கெடுக்க ஒரு திரை போதும். அந்த ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் எந்தத் திரையையும் பார்க்காத ஆள் ஒருத்திதான், போன் செத்துப்போனதால். தவிர, அப்படி வெடித்து எரியும் நேரத்தில் ஒளியின் அளவு கூம்பு செல்களையே எழுப்பிவிடும். கண்ணுக்கு நேராக நிறம் தெரியும். மேலிருந்து வந்து இந்த ஒளியை உண்டாக்கும் எலெக்ட்ரான்கள் வழக்கத்தைவிட வேகமாக வந்து ஆழமாக இறங்கினால், 100 கிலோமீட்டருக்கும் கீழே நைட்ரஜன் மூலக்கூறுகளைத் தொட்டு, திரைச்சீலைபோல் தொங்கும் ஒளியின் அடி விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடும். அதுவும் ஓடும், நிற்காது. பதினைந்து வினாடி திறந்த கேமராவில் அது பச்சையோடு பச்சையாகக் குழைந்துபோகும். ஆக, என்னிடம் இருந்த கருவி இரண்டு பக்கமும் தப்பு செய்தது. ஒன்றுமே நடக்காத நேரத்தைப் பிரமாதமாக்கிக் கொடுத்தது. பிரமாதம் நடந்தபோது அதைக் கஞ்சியாக்கியது. கருவி செய்தது என்று சொல்வதும் சாக்குத்தான், சக்கரம் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் படங்களைக் காட்டிக்கொண்டார்கள். என் ஏரிப் படத்துக்கு நல்ல வரவேற்பு. அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

படமெடுக்கப் போய்

ஹாம்பர்க் திரும்பிய பிறகு, என்னைப்போல ஏமாந்தவர் வேறு யாராவது உண்டா என்று தேடிப் படித்ததில் சோபுஸ் ட்ரோம்ஹோல்ட் அகப்பட்டார். டென்மார்க்காரர், நார்வேயின் பெர்கனில் பள்ளி ஆசிரியர், துருவ ஒளிப் பைத்தியம். 1882, 83 குளிர்காலத்தை நார்வேயின் உள்நாட்டில் கௌத்தோகெய்னோ என்ற, சாமி எனப்படும் பழங்குடி மக்களின் ஊரில் கழித்தார். ஒளியை ஆராய்வதும் அதைப் படமெடுப்பதும் நோக்கம். குளிர்காலம் முழுக்க முயன்றும் அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளில் ஒளி விழவே இல்லை. அவ்வளவு மந்தமான தகடுகள். கேமராவைத் திருப்பி ஊர் மக்களை எடுத்தார். சாமி ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நேராகக் கேமராவைப் பார்க்கும் உருவப்படங்கள். இன்று அவை பெர்கன் பல்கலைக்கழக நூலகத்தின் பெருமைக்குரிய சேகரிப்புகளில் ஒன்று. நான் அவற்றை இணையத்தில் பார்த்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வானத்துக்காகப் போன மனிதர் திரும்பி வந்தது முகங்களோடு.

துருவ ஒளி தகட்டில் விழுந்தது 1892இல்தான். மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர், நார்வேயின் ஆல்டாவுக்குப் பக்கத்தில் போசெகோப்பில் எடுத்தார். அதற்குப் பிறகும் நிறத்துக்குக் கேமராவை நம்ப முடியாத காலம் நீண்டது. 1899இல் டென்மார்க்கின் வானிலை நிறுவனம் துருவ ஒளியை ஆராய ஐஸ்லாந்துக்கு ஒரு குழுவை அனுப்பியபோது, ஹரால்ட் மோல்ட்கே என்ற ஓவியரையும் சேர்த்து அனுப்பியது. அளவெடுக்கக் கருவிகள், பார்க்க ஓர் ஆள். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இப்போது அப்படி யாரையும் கூட்டிப்போவதில்லை. 1910 வாக்கில் நார்வேயின் கணித அறிஞர் கார்ல் ஸ்டோர்மர் கேமராவை அளவுகோலாகவே மாற்றிவிட்டார். தொலைபேசியால் பேசிக்கொண்டு இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் படமெடுத்து, பின்னணி நட்சத்திரங்களை வைத்து ஒளியின் உயரத்தைக் கணக்கிட்டார். நான் மேலே எழுதிய 100, 200 கிலோமீட்டர்க் கணக்கெல்லாம் அவரைப்போன்றவர்கள் உறைந்த விரலோடு போட்ட கணக்கின் வழிவந்தது. அவர் படங்கள் அழகாக இருக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

தூங்கிப்போனது

ஒரு கிளைக்கதை. ட்ரோம்சோவிலிருந்து திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை; 2024 மே 10, வெள்ளிக்கிழமை இரவு, இருபது ஆண்டுகளில் இல்லாத, சூரியன் கிளப்பிய பெரிய காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. ஜெர்மனி முழுக்க வானம் சிவந்தது. லடாக்கில் ஹான்லே ஆய்வகத்தின் முழுவானக் கேமராவிலேயே அடிவானத்தில் செந்நிறம் பதிவானது. அத்தனை தெற்கிலிருந்து பார்த்தால் பூமியின் வளைவு பச்சையை மறைத்துவிடும், உச்சியிலிருக்கும் சிவப்பு மட்டும்தான் எட்டிப்பார்க்கும். ஹாம்பர்க்கில் எங்கள் மாடியிலிருந்தே தெரிந்திருக்கும். நான் பத்து மணிக்குப் படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில் போனைத் திறந்தால் ஊரெல்லாம் ரோஜா நிற வானம். விமானச் சீட்டு, விடுதி, வேன் எல்லாவற்றுக்கும் கொட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு பல் தேய்த்தேன். கீழ்வீட்டுப் பெரியவரிடம் ஆவலாகக் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "படத்தில் இருக்கிற அளவுக்கு இல்லை. ஆனால் இருந்தது" என்றார். அப்படி ஒரு பதிலை அம்மாவிடம் சொல்ல எனக்கு ஏன் வரவில்லை?

கரை

2025 கோடையில் அம்மா எங்களோடு இரண்டு மாதம் இருக்க வந்தார். வந்த மறுநாளே கூடத்தில் அந்தப் படத்தின் எதிரில் நின்று, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "எவ்வளவு அழகா தெரிஞ்சிருக்கு இவனுக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல். நான் பேசாமல் இருந்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே, "அவர் பார்க்கவே இல்ல அத்தை. நான்தான் பார்த்தேன். இது கேமரா பார்த்தது" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் வெண்டைக்காயைப் பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை அவருக்கு. நான் துளிகூட மதிப்பில்லாதவன்போல என்னைத் தாண்டிப் போய் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ பார்த்தது எப்படி இருந்துச்சு?" இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "மாடியில ஈரப் புடவையை ரெண்டு பேர் பிடிச்சு உதறினா எப்படி இருக்கும் அத்தை, அப்படி. இளம்பச்சை. அடியில மட்டும் ரோஸ் கலர்ல கரை. அந்தக் கரைதான் ஓடுச்சு. இந்தப் பக்கத்துல ஆரம்பிச்சு தலைக்கு மேல வந்து அந்தப் பக்கம் போச்சு. சத்தமே இல்ல. சத்தம் இல்லாததுதான் பயமா இருந்துச்சு." அம்மா, "எத்தனை விரக்கடை இருக்கும் கரை?" என்று கேட்டார். அவள் சிரிக்காமல் மூன்று விரலைக் காட்டினாள். அம்மா தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. 557.7 நானோமீட்டரை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் மல்லுக்கட்டிய விஷயம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"அதுக்குப் படம் இல்லையா?" என்றார் அம்மா. இருந்தது. அழிக்காமல் வைத்திருந்தேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மடிக்கணினியில் அந்தப் பச்சைக் கஞ்சியைத் திறந்து காட்டினேன். வடிவம் என்று எதுவும் இல்லை; வானம் முழுக்க ஒரே குழைசல், கீழே பனி பச்சையாக எரிகிறது. ஓர் ஓரத்தில் கறுப்பாக நீளவாட்டில் ஏதோ கிடக்கிறது. அதுதான் அவள், தோல்மேல் படுத்திருக்கிறாள்; ஒரு கை மட்டும் அசைந்ததால் கலைந்திருக்கிறது. எங்கேயோ காட்டியிருக்கிறாள், எனக்காக. அந்தக் கையை அன்றுவரை நான் கவனிக்கவில்லை. அம்மா பொறுமையாக முழுப் படத்தையும் பார்த்தார். நான் மேலே இடப்பக்கம் பெரிதாக்கினேன். பச்சைக்கு நடுவிலும் சப்தரிஷியின் ஏழும் மங்கலாக இருந்தன. கைப்பிடியின் நடுவில் இன்னும் பெரிதாக்கினால் இரண்டு புள்ளி. "இது வசிஷ்டர், இது அருந்ததி" என்றேன். அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். "நாப்பத்தாறு வருஷம் ஆச்சு எனக்குக் கல்யாணமாகி. எனக்கும் பகல்லதான் காட்டினாங்க."

அந்தப் படத்தை அச்சுப்போட வேண்டும் என்று கேட்டது அம்மாதான். முதல் படத்தைப் போட்ட அதே கடையில் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பையன் கோப்பைத் திறந்துவிட்டு, தவறான கோப்பை அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டான். இல்லை, இதுதான் என்றேன். கொஞ்சம் தயங்கி, ஒளி அதிகம், கையும் ஆடியிருக்கிறது, அச்சில் இன்னும் மோசமாகத் தெரியும், காசு திருப்பித் தர மாட்டோம் என்று எச்சரித்தான். தெரியும் என்றேன். மூன்றாம் நாள் ஓர் அட்டைக் குழாயில் சுருட்டிக் கொடுத்தான்.

அம்மா ஊருக்குப் போய்ப் பல மாதம் ஆகிறது. குழாய் கூடத்தில் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறது. முதல் படத்தை இறக்க எனக்கும் மனசில்லை, விருந்தாளிகள் வேறு பழகிவிட்டார்கள். இயந்திரம் இரவல் தருகிறேன் என்று கீழ்வீட்டுப் பெரியவர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே துளைக்கக் கூடாது, சத்தம். மற்ற நாள்களில் வேலை. போன வாரம் அம்மா கூப்பிட்டபோது குளிர் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "மாட்டியாச்சா?" என்றார்.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.